ஒரு பிபிஎம் எத்தனை கிலோ

அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'கிலோ மிஸ்'. சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு விசாரணை வைப்பார்கள். அதற்கும் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். ஒரு முறை சாட்சி சொன்னதே எனக்குப் போதும்.

வன்னியில் ஒரு பிரதேச செயலகம். எது என்று கேட்காதீர்கள். ஒன்றைச் சொன்னால் மற்றவை தங்களை ஏன் விட்டேன் என்று கோபித்துக்கொள்ளும். பட்டதாரிகள் நாங்கள் வேலை கேட்டு வீதியோரம் பந்தல் போட்டு மாதக்கணக்கில் குந்தியிருக்க, அரசாங்கம் இரங்கி எங்களை எல்லாம் 'அபிவிருத்தி உத்தியோகத்தர்' ஆக்கியது. எங்கள் அலுவலகத்துக்கு ஒன்பது பேர் வந்து சேர்ந்தோம். ஒன்பது பேருக்கும் இரண்டு மேசை, ஐந்து கதிரை. நான்கு பேர் வெளிக்கள வேலைக்குப் போனால்தான் மற்ற ஐந்து பேரும் இருக்கலாம். எங்கள் பிரதேசத்தில் வெளிக்கள வேலை பெருகியது அப்படித்தான்.

நான் அரசறிவியல் படித்தவன். ஆகவே கூட்டங்களுக்குக் கணினியில் படக்காட்சி தயாரிக்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். அவர் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவர். ஆகவே கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கி, எத்தனை பேருக்குத் தேத்தண்ணி என்று சொல்லும் வேலையை அவருக்குத் தந்தார்கள். திறமைக்கேற்ற வேலை என்பதில் எங்கள் செயலாளர் மிகவும் கண்டிப்பானவர்.

மெலிந்த உருவம். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை. கைப்பைக்குள் ஒரு அளவு நாடா, ஒரு சின்னக் கணிப்பான், அடிக்கட்டை வரை சீவிய ஒரு பென்சில். யாராவது 'கொஞ்சம்' என்றாலோ 'கன' என்றாலோ அவருடைய முகம் சுருங்கும். மண்ணெண்ணெய் குடித்தவர் போல இருக்கும்.

"கன மழையாம், மிஸ்."

"எத்தினை மில்லிமீற்றர்?"

"இந்த முறை நல்ல விளைச்சலாம்."

"ஏக்கருக்கு எத்தினை கிலோ?"

இப்படியே கேட்டுக் கேட்டு அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார். நாங்கள் முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபிப்பதில்லை. "பேர் பரவாயில்லை, கிராம் மிஸ் எண்டு வைச்சிருந்தாத்தான் குறைச்சல்" என்பார். சிரிக்கவே மாட்டார். அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை. எல்லாச் சிக்கலும் அதிலிருந்துதான் வந்தது.

முதலாவது சம்பவம் சுற்றாடல் தினத்தன்று. கொரோனாக் காலத்தில் யாரோ புண்ணியவான்கள் எங்கள் மண்டபத்துக்கு ஒரு சிறிய கருவி தந்திருந்தார்கள். நாங்கள் மூச்சில் விடும் காபனீரொட்சைட்டு அறைக்குள் எவ்வளவு என்று காட்டும். அது என்னவென்று யாருக்கும் தெரியாததால் மணிக்கூடு என்று நினைத்து யன்னலோரம் வைத்திருந்தோம். அன்றைக்குக் கதவு யன்னல் எல்லாம் பூட்டி, ஏசி போட்டு, அறுபது பேர் உள்ளே இருந்தோம். சுற்றாடலைக் காப்பாற்றுவது பற்றி இரண்டு மணித்தியாலம் உரைகள். கூட்டம் முடியும் நேரம் கிலோ மிஸ் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் நின்று, வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ், நேரம் சரியோ?" என்று கேட்டேன்.

"இது மணிக்கூடு இல்லை அண்ணா. ரெண்டாயிரத்தி ஐந்நூறு பிபிஎம் காட்டுது. பிபிஎம் எண்டா பத்து லட்சத்தில ஒரு பங்கு. பத்து லட்சம் லீற்றர் காத்து எண்டா அதில ரெண்டாயிரத்தி ஐந்நூறு லீற்றர் காபனீரொட்சைட்டு."

"அப்ப கூடத்தானே?"

"அது பங்கு. பாரம் எவ்வளவு எண்டு பாப்பம்." பென்சில் ஓடியது. "இந்த மண்டபம் பத்து மீற்றர் நீளம், எட்டு அகலம், மூண்டரை உயரம். இருநூற்றி எண்பது கன மீற்றர். அதில பத்து லட்சத்தில ரெண்டாயிரத்தி ஐந்நூறு பங்கு எண்டா எழுநூறு லீற்றர். இந்தச் சூட்டில ஆயிரம் லீற்றர் காபனீரொட்சைட்டு ஒரு கிலோ எண்ணூறு கிராம் நிறுக்கும். அப்ப ஒண்டேகால் கிலோ வருது. காலமை கதவு திறக்கேக்கை இருநூறு கிராம்தான் இருந்தது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரெண்டு மணித்தியாலத்தில ஒரு கிலோ உற்பத்தி செய்திருக்கிறம் அண்ணா."

என் சேவைக் காலத்தில் எங்கள் அலுவலகம் செய்த உற்பத்தி பற்றி நான் கேட்ட ஒரே உண்மையான புள்ளிவிபரம் அது. பியோன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதையும், அன்று பின்னேரமே செயலாளரின் அறைக்குக் கொண்டுபோனதையும் நான் பிறகுதான் அறிந்தேன்.

இந்தப் பாரப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன். முல்லைத்தீவுக் கரையில் அவருடைய தாய் மீன் விற்றவராம். வியாபாரி கூடைக் கணக்கில் வாங்குவான். கூடை அவனுடையது. அது வருசத்துக்கு வருசம் பெருத்துக்கொண்டு போனதாம். ஒரு நாள் தாய் மீனோடு கூடையையும் தூக்கிக்கொண்டு நேரே மீனவர் சங்கத்துத் தராசுக்குப் போய்விட்டார். வியாபாரி பின்னால் ஓடினானாம்.

"பங்கைச் சொல்லி ஏமாத்தலாம் அண்ணா. பாரத்தைச் சொல்லி ஏமாத்தேலாது" என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு யுத்தம் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் 'ஒரு குடும்பத்துக்கு ஒரு பொதி' என்று கொடுத்தபோதும் தாய் பொதி எத்தனை கிலோ என்று கேட்டு, வரிசையிலிருந்து தள்ளப்பட்டதை ஒரு வசனத்தில் சொன்னார். எத்தனை மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள் என்பதை மட்டும் சரியாகச் சொன்னார்.

இனிப் பெரிய சம்பவத்துக்கு வருகிறேன்.

கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. உலகத்தைக் காப்பாற்ற வந்திருந்தது; அதற்கு வசதியான இடமாக எங்கள் பிரதேசத்துக் காட்டோரக் கிராமம் ஒன்றைத் தெரிவு செய்திருந்தது. சனங்கள் தங்கள் மேட்டுக்காணியை முப்பது வருசத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அதில் ஐம்பதாயிரம் மரம் நடப்படும். மரம் காபனீரொட்சைட்டை உறிஞ்சும். அப்படி உறிஞ்சியதை நிறுவனம் வெளிநாட்டில் விற்கும். முப்பது வருசமும் காணிக்காரர் அங்கே உழுந்தும் விதைக்கக்கூடாது, கச்சானும் போடக்கூடாது, ஒரு கொப்பும் வெட்டக்கூடாது. மற்றபடி காணி அவர்களுடையதுதான். போய்ப் பார்க்கலாம்.

நிறுவனத்தின் துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்தில் வந்தது. தமிழாக்கியவன் நான். அதில் நடுவில் பெரிய பச்சை எழுத்தில் இருந்த வசனம் இது: 'உங்கள் கிராமத்தின் ஐம்பதாயிரம் மரங்கள் உலக வளிமண்டலத்தின் காபனீரொட்சைட்டை ஒரு பிபிஎம் குறைக்கும்.' படிக்க நன்றாக இருந்தது. வளிமண்டலத்தில் இப்போதுள்ள நானூற்றிச் சொச்சம் பிபிஎம்மில் ஒன்றே ஒன்றைத்தானே குறைக்கிறோம் என்று அவர்களின் அடக்கத்தைக்கூட மெச்சினேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர் கிலோ மிஸ் அந்தத் துண்டோடு என் மேசைக்கு வந்தார். அன்றைக்கு எனக்கு மேசை கிடைத்திருந்தது.

"அண்ணா, இது பிழை."

"எழுத்துப் பிழையோ?"

"கணக்குப் பிழை. சின்னப் பிழை இல்லை. ஒரு பிபிஎம் எத்தினை கிலோ எண்டு இவையள் பாக்கேல்லை. சேரிட்டச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுறன்."

"நீங்கள் பேசாம இருங்கோ, நான் சொல்லுறன்" என்றேன். உடனேயே எழுந்து செயலாளரின் அறை வரைக்கும் போனேன். அவர் தொலைபேசியில் இருந்தார். அந்தத் தொலைபேசி அழைப்புக்கு நான் உள்ளூர நன்றி சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். துண்டுப்பிரசுரம் ஐந்நூறு பிரதி அச்சாகியது.

கூட்டம் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில். காலையில் அங்கே பாலர் பாடசாலை நடக்கும். கரும்பலகையில் யாரோ வரைந்த யானை அப்படியே இருந்தது. மேடையில் செயலாளர், நிறுவனத்தின் ஆலோசகர், இரண்டு பூச்சாடி. முதல் கையெழுத்தை ஒரு பெண் இட்டால் படம் அழகாக வரும் என்று ஆலோசகர் சொன்னதால் தவமணி அக்காவைத் தெரிவு செய்திருந்தோம். புருசன் இல்லாத மனுசி. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, காடு மூடிப்போன மூன்று ஏக்கரைத் தனியே வெட்டித் துப்புரவாக்கி, கந்தோர் கந்தோராக அலைந்து காணி அனுமதிப் பத்திரம் எடுத்தவர். அந்த அலைச்சலில் பாதி எங்கள் கந்தோருக்குத்தான்.

அவர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு ஆலோசகரிடம் கேட்டார்: "ஐயா, இது பிழைச்சுப்போனா காணி எனக்குத் திரும்பி வருமோ?"

"பிழைக்காது அம்மா. இது விஞ்ஞானம்" என்றார் ஆலோசகர்.

அப்போதுதான் பின்வரிசையில் கிலோ மிஸ் எழுந்தார்.

"சேர், ஒரு கேள்வி."

செயலாளர் ஒலிவாங்கியை இழுத்தார். "மிஸ், உங்களுக்கு வருகைப் பதிவு வேலைதானே?"

"ஓம் சேர். அது முடிஞ்சுது. நூற்றிப் பன்னிரண்டு பேர்." பிறகு ஆலோசகரிடம் திரும்பினார். "ஒரு பிபிஎம் எத்தினை கிலோ?"

ஆலோசகர் குழந்தையைப் பார்ப்பது போலச் சிரித்தார். "பிபிஎம் எண்டது செறிவு, மிஸ். அதுக்குக் கிலோ இல்லை."

"எந்தச் செறிவுக்குப் பின்னாலயும் ஒரு பாரம் இருக்குது சேர்" என்று சொல்லிக்கொண்டே கரும்பலகைக்குப் போனார். யானையை அழிக்கவில்லை. பக்கத்தில் இருந்த இடத்தில் எழுதத் தொடங்கினார்.

அவர் சனங்களைப் பார்த்துத்தான் கதைத்தார். தலைக்கு மேலே வானம் வரைக்கும் நிற்கிற காற்றுக்குப் பாரம் உண்டு. அந்தப் பாரத்தைத்தான் காற்றழுத்தம் என்கிறோம். ஒரு சதுர மீற்றர் நிலத்தின் மேல் பத்துத் தொன் காற்று நிற்கிறது என்றார். பூமி முழுவதும் எத்தனை சதுர மீற்றரோ அத்தனையால் அதைப் பெருக்கினால் முழுக் காற்றின் பாரம் வந்துவிடும். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஐந்நூற்றிப் பதினைந்து கோடித் தொன்.

"ஆனா இதோட நிப்பாட்டக்கூடாது. பிபிஎம் எண்டது தலை எண்ணுற கணக்கு. காபனீரொட்சைட்டு மற்றக் காத்தை விடப் பாரம். மற்றது இருபத்தொன்பது எண்டா இது நாற்பத்திநாலு." சனங்களின் முகத்தைப் பார்த்தார். விளங்கவில்லை என்று தெரிந்தது. "பஸ்ஸில நூறு பேர் நிக்கினம் எண்டு வையுங்கோ. ஒராள் நூற்றில ஒரு பங்கு. ஆனா அந்த ஒராள் எங்கட செயலாளர் சேர் மாதிரி எண்டா, பாரத்தில ஒண்டரைப் பங்கு."

எல்லோருக்கும் விளங்கியது. அப்படியொரு சிரிப்பை அந்த மண்டபம் கேட்டிருக்காது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. விளக்கம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றார். செயலாளர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அப்பிடிப் பாத்தா ஒரு பிபிஎம் எழுநூற்றி எண்பது கோடித் தொன். உங்கட ஒவ்வொரு ஏக்கருக்கு மேலயும் இப்ப நிக்கிற காபனீரொட்சைட்டு மட்டும் இருபத்தாறு தொன்னுக்கு மேல."

"என்ர காணிக்கு மேலயோ?" என்று ஒரு ஐயா அண்ணாந்து பார்த்தார். "அதுக்கும் பெர்மிற் எடுக்க வேணுமோ பிள்ளை?"

"இன்னும் இல்லை ஐயா." எழுநூற்றி எண்பது கோடியை ஐம்பதாயிரத்தால் பிரித்து, விடையின் கீழே இரண்டு கோடு இழுத்தார். "ஒரு மரம் ஒரு லட்சத்தி ஐம்பத்தாறாயிரம் தொன் உறிஞ்ச வேணும். நல்ல பெரிய மரம் ஒண்டு தன்ர காலத்தில ஒரு தொன், ரெண்டு தொன் எடுத்தாலே பெரிய காரியம்."

தவமணி அக்கா மேடையில் நின்றபடியே கேட்டார்: "பிள்ளை, மணல் ஏத்துற லொறி எத்தினை தொன்?"

"பத்து எண்டு வையுங்கோ அக்கா."

அவர் உதட்டுக்குள் கணக்குப் பார்த்தார். "அப்ப ஒரு மரத்துக்குப் பதினையாயிரத்தி அறுநூறு லொறி." பேனையை மூடி மேசையில் வைத்தார். "என்ர மூண்டு ஏக்கருக்குள்ள ஒரு லொறி திரும்பவே இடமில்லை ஐயா."

ஆலோசகர் எழுந்து, அது மொழிபெயர்ப்பில் வந்த எழுத்துப் பிழை என்றார். நூற்றிப் பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூச்சாடியைப் பார்த்தேன். ஆங்கிலத்திலும் அதேதான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்குப் பதவி உயர்வுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருவரும் கையெழுத்திடவில்லை. தேத்தண்ணி மட்டும் சரியாக நூற்றிப் பன்னிரண்டு பேருக்கும் கிடைத்தது.

விசாரணை இரண்டு கிழமைக்குள் வந்தது. சனத்தின் கோரிக்கைகளுக்குத்தான் எங்களிடம் வருசங்கள் பிடிக்கும். என்னிடம் எழுத்தில் சாட்சியம் கேட்டார்கள். எழுதினேன். மேற்படி உத்தியோகத்தர் அனுமதியின்றிப் பேசினார். தமக்கு ஒதுக்கப்படாத கரும்பலகையைப் பாவித்தார். மேலதிகாரியின் உடற்பாரத்தைப் பொதுமக்கள் முன் உவமையாகக் கூறினார். எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடக் கூட்டி எழுதவில்லை. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன் என்றும் சொல்லவேண்டும். சாட்சியம் என்றால் முழுதாக இருக்கட்டும்.

அவரைச் செட்டிகுளம் பக்கம் ஒரு உப அலுவலகத்துக்கு மாற்றினார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருகிறவருக்கு அது மூன்று பஸ். போகிற அன்று தன் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கோப்பில நீங்கள் எழுதினதைக் காட்டினவை அண்ணா. வாசிச்சன்."

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"பிழை ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி, சண்டை பிடித்து, மறந்திருப்பேன்.

நிறுவனம் வேறொரு பிரதேசத்துக்குப் போயிற்று. புதிய துண்டில் பிபிஎம் இல்லையாம். 'காபனீரொட்சைட்டைக் கணிசமாகக் குறைக்கும்' என்று போட்டிருக்கிறார்களாம். கணிசத்தை எந்தத் தராசில் வைப்பது? அங்கே சனம் வரிசையில் நின்று கையெழுத்து வைத்ததாகக் கேள்வி. தவமணி அக்கா அந்தப் போகமே உழுந்து விதைத்தார். நான் பரீட்சையில் சித்தியடைந்தேன். எனக்கென்று ஒரு மேசையும் கதிரையும் கிடைத்தன. கதிரையில் இருக்கும்போதெல்லாம் அந்த 'பிழை ஒண்டும் இல்லை' கூடவே இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் செட்டிகுளத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த உப அலுவலகத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய அறை ஒன்றை அவருக்குத் தந்திருந்தார்கள். ஒரு யன்னல், அதுவும் திறக்காது. என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். சாப்பிட்டீங்களோ என்று கேட்டார்.

"நான் அப்பிடி எழுதியிருக்கக்கூடாது, மிஸ். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். பஸ்ஸில் நான்கு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"எழுதினது உண்மைதானே. அதுக்கு ஏன் மன்னிப்பு?" அவர் ஒரு கோப்பின் தூசியைத் தட்டினார். "எழுதாமல் விட்டதுக்குக் கேளுங்கோ."

"என்னத்தை விட்டனான்?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"கணக்குச் சரி எண்டதை. உங்களுக்கு அது ரெண்டு நாளைக்கு முன்னமே தெரியும் எண்டதை. இங்கிலிசிலயும் அப்பிடித்தான் இருந்தது எண்டதை." அவர் குரல் உயரவேயில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. "அம்மாவுக்கு இப்ப சுகமில்லை அண்ணா. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் நான் பஸ்ஸுக்குள்ள இருக்கிறன். ஒரு மணித்தியாலம் கூட அவாவோட இருக்கேலாமக் கிடக்கு."

நான் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன்.

அவருடைய மேசையில் இருந்தே எழுதினேன். மேற்படி விசாரணையில் நான் அளித்த சாட்சியம் முழுமையற்றது என்று தொடங்கி, அவர் சொன்ன மூன்றையும் எழுதினேன். கணக்கையும் படி படியாக எழுதப் பார்த்தேன். அரசறிவியல்காரனுக்கு அது லேசில் வரவில்லை. இரண்டு தாள் கிழிந்தது. அவர் உதவி செய்யவில்லை. மூன்றாவது தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரை, என் கையெழுத்து வரைக்கும் விரல் வைத்து வாசித்தார். ஒரு சுழியத்தை மட்டும் திருத்தினார்.

"இப்ப முழுசு" என்றார்.

நான் மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப்போனேன்.

"கொண்டுபோய்க் கந்தோரில குடுக்கப்போறீங்களோ?"

யோசித்தேன். என் தைரியத்தைப் பற்றி என்னை விட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. வவுனியா பஸ் நிலையத்தில் இறங்கும்போது அது பாதியாகியிருக்கும். என் புதிய கதிரையைக் கண்டதும் மிச்சமும் போய்விடும்.

"இஞ்ச தபாற்கந்தோர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து செருப்பைப் போட்டார். வெயிலுக்குள் இருவருமாக நடந்து போய், வழியில் ஒரு கடையில் பிரதி எடுத்து, மாவட்டத் தலைமைக்கு ஒன்றும் எங்கள் செயலாளருக்கு ஒன்றுமாக, பதிவுத் தபாலில் போட்டோம். பற்றுச்சீட்டுகளைத் தபாற்காரர் என்னிடம் நீட்ட, குறுக்கே கையை விட்டு அவற்றைக் கிலோ மிஸ் வாங்கிக்கொண்டார்.